சைட்டில் வேலை பார்க்கும் சிவில்காரனுக்கு வழிகாட்டி எங்கே கிடைப்பார்? உண்மையிலேயே தேவையா?

கடைமடைக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்று டி.வி.யில் பூத்தூவிக் காட்டுவார்கள். எங்கள் வாய்க்காலில் கால் நனைய அதற்கப்புறம் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பது கடைமடையில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். அப்பாவுக்குப் பத்து மா நிலம். வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. சொந்தக்காரர்களில் இன்ஜினியர் என்று ஒருவர்கூடக் கிடையாது. பேங்க் லோன் போட்டு சிவில் படித்தேன். இப்போது தஞ்சாவூரில் ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியர். சின்னப் பாலம், மதகு, தடுப்புச்சுவர் மாதிரி வேலைகள். ராத்திரியில் டி.என்.பி.எஸ்.சி. ஏ.இ. (உதவிப் பொறியாளர்) தேர்வுக்குப் படிப்பு.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நான் படித்த கல்லூரியில் பழைய மாணவர் கூட்டம். பேச வந்தவர் ஒரு மணி நேரம் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார். நல்ல மென்டார் அமையாதவன் இந்தத் துறையில் மேலே வரவே மாட்டானாம். அதைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. எங்கள் கல்லூரி ஹாலில் கலாம் படம் இருக்கும், விஸ்வேஸ்வரய்யா படம் இருக்கும். செப்டம்பர் 15 பொறியாளர் தினத்துக்கு விஸ்வேஸ்வரய்யாவுக்கு மாலை போடுவோம். (அவர் கட்டிய கிருஷ்ணராஜசாகர் நிரம்பினால்தான் எங்களுக்குத் தண்ணீர் என்பது வேறு கதை.) அவர்கள் பெரியவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் காலையில் ஆறு மணிக்குக் கம்பி கட்டுகிற இடத்தில் நிற்கிற எனக்கு அந்தப் படங்கள் என்ன சொல்லித் தரும்?

முதலாளிக்கு பில் எப்போது போடலாம் என்பது மட்டும்தான் கேள்வி. ஆபீசில் இருக்கும் சீனியரிடம் ஏதாவது கேட்டால், “நாங்க யார்கிட்ட கேட்டோம், நீயே பார்த்துக் கத்துக்க” என்கிறார். சைட்டில் ஒரு மேஸ்திரி இருக்கிறார். அவருக்கு எல்லாம் தெரியும், ஆனால் என்னைப் பார்த்தாலே வாயை மூடிக்கொள்வார். நானும் விடாமல் லிங்க்டுஇன்னில் ஒரு பெரிய அதிகாரிக்கு, “சார், நீங்கள் எனக்கு மென்டாராக இருக்க முடியுமா?” என்று எழுதினேன். “ஆல் தி பெஸ்ட் தம்பி” என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

இப்படி ஒருவர் உண்மையிலேயே வேண்டுமா, இல்லை ஐ.எஸ். கோடும் (இந்தியத் தர விதிப் புத்தகம்) யூடியூபும் போதுமா? வேண்டுமென்றால் என்னைப் போன்றவன் எங்கே போய் யாரைக் கேட்பது?

துவாக்குடி எழுதியது:

தம்பி, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மேடையில் பேசுகிறவர்கள் எதையாவது பேசித்தான் ஆக வேண்டும்.

நான் மெக்கானிக்கல். பாய்லர் பாகங்கள் செய்யும் தொழில். முதலில் வேலை பார்த்த இடத்தில் (பெயர் எதற்கு) எனக்கும் ஒரு சீனியர் வாய்த்தார். அன்பானவர், வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார். வெல்டிங் ஜாயின்ட்டுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டுமல்லவா? நன்றாக வந்த ஒரே ஜாயின்ட்டைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்து, வேறு வேறு நம்பர் ஒட்டி ஃபைலில் வைப்பது எப்படி என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அங்கே பாதிப் பேருக்கு அவர்தான் குரு. அந்தப் பாய்லர் பக்கத்தில் நாளைக்கு நிற்கப் போகிறவனை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வெளியே வந்தேன். சொந்தக் காசில் கோடு புத்தகம் வாங்கினேன், வெல்டிங் இன்ஸ்பெக்ஷன் பரீட்சை எழுதினேன். இன்றைக்கு நான் கையெழுத்துப் போட்டால் அது என் கையெழுத்து. வழிகாட்டி தேடுகிறவர்கள் பாதிப் பேர் தான் யோசிக்க வேண்டியதை இன்னொருவர் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

துவாக்குடி நண்பர் சொன்னதில் பாதியை அப்படியே ஏற்கிறேன். தப்பான ஆளிடம் மாட்டுவதைவிடத் தனியாக இருப்பது மேல். ஆனால் அவர் தன் கதையிலேயே எனக்கு ஒரு பிடி கொடுத்திருக்கிறார். ஃபைலைத் தப்பாக நிரப்புவதைக்கூட ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். கெட்ட பழக்கத்துக்கு வாத்தியார் தானாக வந்துவிடுகிறார். நல்லதற்கு நாம்தான் தேட வேண்டியிருக்கிறது.

நான் பொதுப்பணித்துறையில் பாசனப் பக்கம் ஏ.இ.யாகச் சேர்ந்து ஏ.இ.இ.யாக (உதவிச் செயற்பொறியாளர்) ஓய்வு பெற்றவன். இப்போது நீர்வளத்துறை என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள். எனக்கு வாயில் இன்னும் பி.டபிள்யூ.டி. என்றுதான் வருகிறது. கும்பகோணத்தில் ஜாகை. நேரம் நிறைய இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்த ஏ.இ.இ. அதிகம் பேசாத மனிதர். அறிவுரை சொல்லி நான் கேட்டதே இல்லை. கொள்ளிடத்தில் லட்சம் கன அடிக்கு மேல் போய்க்கொண்டிருந்த ஒரு மழைக்கால ராத்திரி. கரைக்கு வெளிப்பக்கம், வயல் ஓரத்தில், தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் கொப்பளிக்கிறது என்று ஆள் வந்து சொன்னார். நாங்கள் போவதற்குள் ஊரே மணல் மூட்டையோடு நிற்கிறது, ஓட்டையை அடைப்பதற்கு. அவர் யாரிடமும் பேசாமல் டீக்கடையிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளர் கேட்டு வாங்கினார். கொப்பளிக்கிற தண்ணீரை மொண்டு, என் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். டம்ளர் அடியில் மணல் படிந்தது. “பார்த்துக்க. தெளிஞ்சு வந்தா கரைக்கு வியர்க்குதுன்னு அர்த்தம், கவலையில்லை. இப்படிக் கலங்கி வந்தா உள்ளேருந்து மண்ணு கிளம்பிடுச்சு.”

அப்புறம் அவர் செய்ததுதான் விஷயம். அடைக்க விடவில்லை. ஊற்றைச் சுற்றி, கிணற்று உறை மாதிரி, மணல் மூட்டையை வட்டமாக அடுக்கச் சொன்னார். வட்டத்துக்குள் தண்ணீர் ஏற ஏற, ஆற்று மட்டத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் குறைகிறது, வேகம் தணிகிறது, மண் வருவது நிற்கிறது. தண்ணீர் மட்டும் தெளிவாக வழிந்து ஓடும், ஓடட்டும். மேலே போட்டு அடைத்திருந்தால் பத்தடி தள்ளி வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு கிளம்பியிருக்கும். கரையும் போயிருக்கும்.

தம்பி, நான் கல்லூரியில் கோஸ்லா தியரி படித்து, எக்ஸிட் கிரேடியன்ட் (தரைக்கடியில் ஊறி வரும் தண்ணீர் வெளியேறும் இடத்தில் மண்ணைத் தள்ளும் அளவு) கணக்கெல்லாம் போட்டு நல்ல மார்க் வாங்கியவன்தான். அந்த வட்டம் அதே கணக்குதான், ஒரு எழுத்து மாறவில்லை. ஆனால் அந்த நேரத்தில், அத்தனை பேர் கத்துகிற இடத்தில், அந்தக் கணக்கு எனக்குத் தானாக ஞாபகம் வந்திருக்குமா என்றால் சந்தேகம்தான். புத்தகத்தில் இருப்பது எந்த நேரத்தில் வெளியே வர வேண்டும் என்பதை அந்தப் புத்தகம் சொல்லித் தராது. யூடியூபும் தராது. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் பிடிபடும்.

மறுநாள் கலெக்டர் வந்து சத்தம் போட்டபோது அவர் என்னைப் பின்னால் நிற்க வைத்துவிட்டு முன்னால் நின்று பதில் சொன்னார். இரண்டு வாரம் கழித்து அதே இடத்தைப் பார்க்கத் தலைமைப் பொறியாளர் வந்தார். “இந்தப் பையன்தான் ராத்திரி பூரா இருந்தான், அவனே சொல்வான்” என்று என்னைத் தள்ளிவிட்டார். கலாம் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் தானே பத்திரிகையாளர்களைச் சந்தித்தார், 1980 ஜூலையில் ஜெயித்தபோது கலாமை அனுப்பினார் என்று. மேடைக்கு மேடை சொல்லி அலுத்துப்போன கதை. ஆனால் எங்கள் ஏ.இ.இ. அதைப் படித்துவிட்டுச் செய்யவில்லை. அவருக்கு மேலே இருந்தவர் அப்படிச் செய்திருப்பார், அதைப் பார்த்திருப்பார். இந்தப் பழக்கம் ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் போகிறது.

இரண்டாவது வாத்தியார் ஒரு லஸ்கர், அதாவது மதகு ஷட்டர்களை ஏற்றி இறக்கும் ஊழியர். பெரிய படிப்பு கிடையாது. மே மாதத்திலேயே ஷட்டர் திருகுக்கெல்லாம் கிரீஸ் போட்டு வைத்திருப்பார், யாரும் சொல்ல வேண்டாம். ரெகுலேட்டரில் (ஆற்றுக்குக் குறுக்கே தண்ணீரைப் பிரித்துவிடும் ஷட்டர் கட்டுமானம்) தண்ணீர் திறக்கும்போது ஒருமுறை நான் கரையோரத்துக் கண்ணை, அதாவது ஓரத்து ஷட்டர் வாசலைக் காட்டி, அதைத் தூக்கலாமே என்றேன். “ஓரத்தைத் தூக்கினா கீழே கரையைத்தான் அரிக்கும் சார். நடுக்கண்ணை முதல்ல தூக்கி, அப்புறம் ரெண்டு பக்கமும் சமமா வரணும்” என்றார். ரெகுலேட்டர் இயக்கும் விதிகளில் இது இருக்கிறது. அவர் விதியைப் படித்ததில்லை, அரித்த கரையைப் பார்த்திருக்கிறார்.

இப்படிச் சொன்னால் சிலருக்கு, லஸ்கரிடம் போய் இன்ஜினியர் பாடம் கேட்பதா என்று இருக்கும். ஆர்தர் காட்டனைவிடவா பெரிய இன்ஜினியர் நாம்? கொள்ளிடம் தண்ணீரை எல்லாம் இழுத்துக்கொண்டு போய், தஞ்சாவூர்ச் சீமை காய்ந்துகொண்டிருந்த காலத்தில் வந்தவர் அவர். 1836 வாக்கில் முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் கட்டினார். அடி ஆழம் தெரியாத மணலில் எப்படி அடித்தளம் போடுவது என்பதை இந்த ஊர்க்காரர்களின் பழைய வேலையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். பழைய வேலை என்றால் நம்ம கல்லணைதான். இங்கே கற்றதை எடுத்துக்கொண்டு போய்த்தான் கோதாவரியில் தவளேஸ்வரத்தில் 1847இல் ஆரம்பித்து 1852இல் முடித்தார். ஆந்திராவில் அவருக்கு ஊர் ஊராகச் சிலை இருக்கிறது. அவருக்குச் சொல்லிக்கொடுத்த கல்லணைக்காரர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. போகட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் ‘ஒருவரை’த் தேடுகிறீர்கள். எல்லாமும் ஒரே ஆளிடம் கிடைக்காது. எங்கள் கும்பகோணத்து ராமானுஜன் கதையைப் பாருங்கள். கணக்குதான், பொறியியல் இல்லை. ஆனால் அதில் ஒரு இன்ஜினியர் வருகிறார். காலேஜில் தேறாமல், வேலை இல்லாமல் அலைந்தவருக்கு 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா வேலை. அங்கே அவருக்கு மேலே நாராயண ஐயர். அவருக்கே கணிதம் தெரியும். சாயங்காலத்தில் ராமானுஜனோடு சிலேட்டும் கையுமாக உட்காருவார். நாலு படி தாவிப் போகிற ஆளிடம், நடுவில் உள்ள படிகளையும் எழுது, எனக்கே புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும் என்று கேட்டவர் அவர். அவருக்கும் மேலே துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். எங்கள் துறைக்காரர்களுக்கு ஸ்பிரிங் வேறு விதத்தில் தெரியும். ஆற்றுப்பாலங்களுக்கு இரு பக்கமும் வழிகாட்டுக் கரை போட்டு ஆற்றை அடக்குவது பற்றி 1903இல் விரிவாக எழுதியவர். ராமானுஜன் எழுதியதில் அவருக்கு எவ்வளவு பிடிபட்டிருக்கும்? ஆனால் இந்தப் பையனிடம் ஏதோ இருக்கிறது என்று பெரிய இடங்களுக்குக் கடிதம் எழுதினார். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார், இன்னொருவர் ராமானுஜன் நுழைய முடியாத அறைகளில் அவருக்காகப் பேசினார். உங்களுக்கும் இது இரண்டும் வெவ்வேறு ஆளாகத்தான் வாய்க்கும்.

நம்ம சாதிக்காரப் பையன், நம்ம ஊர்ப் பையன் என்று கைதூக்கிவிடுகிறவர்களும் வருவார்கள். உதவியை வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஈடாக என்றைக்காவது ஒரு கையெழுத்து கேட்பார்கள், அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்த லிங்க்டுஇன் அதிகாரியை நான் குறை சொல்லமாட்டேன். “எனக்கு மென்டாராக இருங்கள்” என்றால் அந்த மனிதர் என்னதான் செய்வார்? எனக்கு யாராவது அப்படி எழுதினால் நானும் ஆல் தி பெஸ்ட்தான் சொல்வேன். வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு அளவு, ஒரு படம், ஒரு சந்தேகம். அதற்குப் பதில் சொல்லாத பழைய இன்ஜினியரை நான் பார்த்ததில்லை. எங்களுக்கெல்லாம் பேச ஆள் கிடைக்காமல்தான் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

எல்.சி. வாங்கியாச்சா எழுதியது:

வெண்ணாற்றங்கரை சார், டம்ளர் விஷயத்தைக் குறித்து வைத்துக்கொண்டேன், நன்றி. நான் சிவில் இல்லை. மின்வாரியத்தில் ஏ.இ., நாகப்பட்டினம் மாவட்டம். தம்பி கேட்ட கேள்வியில் ஒரு பகுதிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், அந்தச் சுவரில் மாட்டிய படங்கள் பற்றி.

நான் எலக்ட்ரிக்கல் சேர்ந்தபோது வீட்டில் எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான், கம்பத்தில் ஏறப்போகிறாயா என்று. வகுப்பில் நாங்கள் கொஞ்சம் பெண்கள் இருந்தோம். ஆனால் எங்களுக்கு முன்னால் இந்த வேலையைச் செய்த பெண் ஒருத்தியைக்கூட எங்களில் யாரும் பார்த்ததில்லை. கலாம் படம் எங்களுக்கும் இருந்தது. அதைப் பார்த்து ஆசை வரும், ஆனால் நான் இதைச் செய்யலாமா என்கிற சந்தேகம் போகாது.

ஏ. லலிதா என்று ஒருவர் இருந்தார் என்பது வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். 1919இல் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம், 18 வயதில் கையில் நாலு மாதக் குழந்தையோடு விதவை. கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் சேர்ந்து எலக்ட்ரிக்கல் முடித்தார், நாட்டிலேயே முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். பின்னாளில் பக்ரா நங்கல் திட்டத்துக்கான மின்சார வேலையிலும் அவர் பங்கு உண்டு. அவருக்கு அடுத்து அதே கல்லூரியில் சிவில் சேர்ந்தவர்களில் தெரசியா என்பவர் கேரளப் பொதுப்பணித்துறையில் தலைமைப் பொறியாளராகவே ஆனார். இதையெல்லாம் என் பதினேழாவது வயதில் யாராவது சொல்லியிருந்தால் நான் வீட்டில் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசியிருப்பேன். அதே சமயம் ஒன்றையும் மறைக்கக்கூடாது. லலிதாவின் அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர். கதவு உள்ளேயிருந்து திறந்தது. நமக்கெல்லாம் அப்பா வயலில் இருக்கிறார். ஆக, படத்தில் இருப்பவர்கள் செய்கிற வேலை, ‘இது நடக்கும்’ என்று காட்டுவது மட்டும்தான். அது சின்ன வேலை இல்லை. ஆனால் அதற்கு மேல் அவர்களிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் ஒரு ஃபோர்மேன். 2018 நவம்பர் 16, கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் பக்கம் நின்ற கம்பத்தை எண்ணுவதுதான் சுலபம். வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து வேலை செய்தார்கள். எங்கும் கரண்டே இல்லை, லைன் செத்துக் கிடக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் ஒரு கம்பியைத் தொடவிடவில்லை. “சப்ஸ்டேஷன்லேர்ந்து வரலைம்மா, சரி. அந்த வீட்டுல ஜெனரேட்டர் ஓடுதே, சத்தம் கேக்கலையா?” என்றார். வீட்டு ஜெனரேட்டரைச் சரியாகப் பிரிக்காமல் ஓட்டினால் கரண்ட் மீட்டர் வழியாகப் பின்னால் வந்து, டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி, லைனில் பழையபடி உயர் அழுத்தமாக நிற்கும். வேலை செய்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு (லைனைத் தரையோடு இணைக்கும் கம்பி) மாட்டிவிட்டுத்தான் ஆளை மேலே ஏற்றினார். எத்தனை அவசரம் என்று எத்தனை பேர் திட்டினாலும் அந்த ராடு மாட்டுகிற நேரத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. என் பெயருக்குக் காரணம் அவர்தான். எல்.சி. என்றால் லைன் கிளியர், லைனை நிறுத்தியாயிற்று, வேலை செய்யலாம் என்கிற அனுமதி. அதை வாயால் சொன்னால் அவருக்குக் காது கேட்காது, எழுத்தில் வர வேண்டும்.

உங்கள் மேஸ்திரி வாயை மூடிக்கொள்வதற்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று யோசித்தீர்களா தம்பி? அவர் சொன்னதை முன்னால் ஒரு இன்ஜினியர் தன் யோசனை என்று முதலாளியிடம் சொல்லியிருப்பார். என் ஃபோர்மேன் என்னிடம் பேச ஆரம்பித்தது, நான் ஒரு ரிப்போர்ட்டில் “ஃபோர்மேன் கூறியபடி” என்று எழுதியதற்கு அப்புறம்தான்.

துவாக்குடி எழுதியது:

இந்த ஃபோர்மேன் மாதிரி ஆள் கிடைத்தால் நானும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன், எனக்கொன்றும் வீம்பு இல்லை. ஆனால் கடைமடைக்கு ஒன்று சொல்கிறேன். யார் சொன்னாலும், ராத்திரி வீட்டுக்குப் போய்க் கோடைத் திறந்து சரிபாருங்கள். வெண்ணாற்றங்கரை சார் சொன்ன லஸ்கர் சொன்னது சரி. எல்லா லஸ்கரும் சொல்வது சரியாக இருக்காது. உங்கள் கடலோர வேலைகளில் மேஸ்திரி வழக்கமாக விடுகிற கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) ஒரு அங்குலம்தான். ஐ.எஸ். 456 கடற்காற்றுபடுகிற கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர் கேட்கிறது. அனுபவம் பெரிதுதான். கம்பி துருப்பிடிக்கும்போது அந்த மேஸ்திரி வேறு ஊரில் இருப்பார்.

கடைமடைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மேஸ்திரி விஷயம் எனக்கு உறைத்தது அக்கா. எனக்கு முன்னால் இருந்த சைட் இன்ஜினியர் பற்றி அவர் ஒரு தடவை முணுமுணுத்தது இப்போதுதான் புரிகிறது.

வெண்ணாற்றங்கரை சார், நீங்கள் சொன்னதை உங்களிடமே ஆரம்பிக்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். இப்போது ஒரு வாய்க்கால் மதகுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருக்கிறோம். பக்கத்திலேயே பழைய செங்கல் கட்டுமானச் சுவர் ஒன்று நிற்கிறது, அதை எடுக்கக்கூடாது. குழியில் ஊற்று நிற்கவே இல்லை. மோட்டார் போட்டு இறைக்கிறோம், காலையில் பார்த்தால் மறுபடி நிறைந்திருக்கிறது. முதலாளி இன்னொரு மோட்டார் கொண்டு வா என்கிறார். மேஸ்திரி மட்டும் வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறார், காரணம் சொல்லவில்லை. என்ன செய்யலாம்?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

இதுதான் கேள்வி. ஆனால் பாதிதான் கேட்டிருக்கிறீர்கள். குழி எவ்வளவு ஆழம், தரை மட்டத்திலிருந்து எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது, மண் களியா மணலா, பழைய சுவர் குழி ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம், அதன் அடிமட்டம் உங்கள் குழியின் அடிமட்டத்துக்கு மேலேயா கீழேயா? இதெல்லாம் இல்லாமல் போனில் வைத்தியம் பார்க்க முடியாது.

அதுவரை இரண்டாவது மோட்டாரை இறக்காதீர்கள். இப்போது ஓடுகிற மோட்டாரின் டெலிவரி தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துக் கொஞ்ச நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மணல் படிந்தால், நீங்கள் தண்ணீரோடு அந்தச் சுவருக்கு அடியில் இருக்கும் மண்ணையும் சேர்த்து இறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மேஸ்திரி தலையை ஆட்டுவது அதற்காகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். அப்படியென்றால் சுவர் பக்கத்திலிருந்து இறைப்பதை நிறுத்திவிட்டு, எதிர் ஓரத்தில், அஸ்திவாரம் வருகிற இடத்துக்கு வெளியே தனியாக ஒரு சின்னக் குழி எடுங்கள். அதில் ஜல்லி நிரப்பி, ஓட்டை போட்ட டிரம்மை நடுவில் இறக்கி, சல்லடைத் துணி சுற்றி, அதற்குள்ளிருந்து இறையுங்கள். ஒரேயடியாக வற்ற வைக்காமல் மெதுவாக இறக்க வேண்டும். சுவரில் விரிசல் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அதன் குறுக்கே சிமென்ட் பூச்சு ஒன்று போட்டுத் தேதி எழுதி வையுங்கள், நகர்ந்தால் காட்டிக்கொடுக்கும். அது விட்டதென்றால் உடனே இறைப்பதை நிறுத்திவிட்டு முதலாளிக்கும் துறை ஏ.இ.க்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

இதை எனக்கு முன்னால் மேஸ்திரியிடம் கேளுங்கள். “என்ன செய்யணும்” என்று கேட்காதீர்கள். வாளியைக் காட்டி, “இந்த மணல் எங்கேருந்து வருதுண்ணே?” என்று கேளுங்கள். அவர் சொல்வதையும் மேலே கேட்ட அளவுகளையும் எழுதி இங்கேயே போடுங்கள். சுவரைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் லெவல் ஸ்டாஃபை (அளவு குறித்த கோல்) நிறுத்தி எடுங்கள், போன தடவை ஒரு பையன் அனுப்பிய போட்டோவில் சுவர் இரண்டடியா இருபதடியா என்றே தெரியவில்லை.